பவுனுக்கும் உனக்கும் நான் வைத்த பத்தியம்

இந்தாமே, என் அஞ்சலை,

நீ இருந்த நாளெல்லாம் உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போதும் வாயில் அதுதான் வருகிறது. நான் சொல்லச் சொல்ல நம் மருமகள் செல்வி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் காதில் விழுந்தது எதுவும் மறக்காது. இப்போது அதுதான் பாரமாக இருக்கிறது.

நம் பவுனுக்குப் புற்றுநோய். "கழுத்துல போட பவுனு வாங்கித் தரல, வாசல்லயாவது ஒண்ணு கெடக்கட்டும்" என்று சொல்லி, ஏரிக்கரையிலிருந்து நீ முந்தானையில் போட்டுத் தூக்கிவந்தாயே, அந்த மஞ்சள் நாய்க்குட்டிதான். அடியில் சதை வளர்ந்து ரத்தம் சொட்டியது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டேன். ரத்தம் நிற்கவில்லை. மகன் வண்டியில் மடியில் வைத்து உத்திரமேரூருக்குக் கொண்டுபோனோம். ஆடுமாடு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய்தான், ஆனால் ஊசிக்குக் கரையக்கூடியது, வாரம் ஒன்று போடவேண்டும் என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும், எந்த ஆஸ்பத்திரியில் நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

முதல் ஊசி போட்ட அன்றே பத்தியம் தொடங்கினேன். நோய் என்றால் உப்பில்லாத கஞ்சி, கவிச்சி கூடாது, முட்டை கூடாது. நமக்குத் தெரிந்தது அதுதானே? பவுனு மோந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அடுத்த ஊசிக்குள் இடுப்பெலும்பு தெரிந்துவிட்டது.

"என்ன தாத்தா குடுக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பத்தியக் கஞ்சிம்மா. வேற எதையும் கண்ணுல கூட காட்டல" என்றேன், பெருமையாக.

"யாரு ஒங்கள பத்தியம் வெக்கச் சொன்னது? ஊசி உள்ள சண்ட போடுது. ஒடம்புல தெம்பு வேணாமா? எடை ஏறலன்னா அடுத்த ஊசி போட மாட்டேன்."

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். கோழியை உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுக்கவேண்டும். அவித்த முட்டையும் தரலாம். ஆறியதை வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும்பும், அதற்குப் பசி தெரியும். வாந்திக்கு மாத்திரை. வாயில் திணிக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் உடம்பு சுட்டாலும் உடனே தூக்கிவரவேண்டும்.

எல்லாம் கேட்டுக்கொண்டேன். கிளம்பினவன் வாசலில் திரும்பி நின்றேன்.

"ஏம்மா, மனுசாளுக்கும் இப்டித்தானா?"

கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "யாருக்கு தாத்தா?"

"இருந்தாங்கம்மா."

கையைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தார். "அவங்கவங்க டாக்டர் சொல்றதுதான் தாத்தா. ஆனா பெரும்பாலும், வாய்க்குப் புடிச்சத சாப்பிடத்தான் சொல்வாங்க."

சொன்னார்கள், அஞ்சலை. உனக்கு இதே நோய்க்கு ஊசி போட்ட இடத்தில் அந்த நர்சம்மா, "அம்மா கேக்கறத குடுங்கய்யா, நல்லா சாப்பிடணும்" என்று சொன்னார். நீ அப்போது என் தோளைப் பிடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாய். நம் வீட்டுப் பத்தியம் அவர்களுக்கு எங்கே தெரியும் என்று நினைத்தேன். காதில் விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் தரம் நீ கேட்டது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டு. "ஒரு வாய்தான்யா." நான், "பத்தியம் முறிஞ்சிடும்மே, தேறி எழுந்து துன்னுவே" என்றேன். அடுத்த தரம் செல்வி தன் வீட்டுக்காரனுக்குக் குழம்பு வைத்திருந்தாள். "கொழம்பு கூட வேணாம், சட்டில ஒட்டிக்கினு கீறத வழிச்சி நாக்குல வெய்யி" என்றாய். அதற்கும் கடிந்துகொண்டு, சட்டியை நானே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தேன். மூன்றாவது தரம் நீ கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாமா, இது வேணாமே" என்கிறாள்.

"எழுதும்மா. அவளுக்குத் தெரிஞ்சதுதான்."

ஒரு வாய்க் குழம்பினால் நீ பிழைத்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை. உப்பு ஒரு கல் கூடினாலே ஊருக்குக் கேட்கிறாப்போல் என்னைத் திட்டுகிறவள் நீ. அன்றைக்கு ஏன் திட்டவில்லை? திட்டியிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேனோ?

பவுனு இப்போது தட்டில் தின்பதில்லை, என் உள்ளங்கையில் வைத்தால்தான் தின்கிறது. நேற்றுக் காலையில் முட்டை முழுதும் போனது, மத்தியானம் பாதியை வாந்தி எடுத்தது. சாயங்காலம் கோழியை நக்கிப் பார்த்தது. வெயிலுக்கு வேப்பமரத்தடியில் ஈரக் கோணி போட்டிருக்கிறேன். படுக்க உன் பச்சைப் புடவையை நாலாய் மடித்துப் போட்டேன், கோபப்படாதே. அதில் மட்டும்தான் காலை நீட்டிப் படுக்கிறது. திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள். தினமும் விலாவைத் தடவிப் பார்க்கிறேன். ஏறியிருக்கிறதா இல்லையா, என் கைக்குத் தெரியவில்லை.

போன வருஷம் உன் திதிக்கு வடையும் பொங்கலும் வைத்துப் படைத்தேன். "அத்தைக்குக் கருவாடுதான புடிக்கும்" என்று செல்வி சொன்னாள். வைக்கக் கை வரவில்லை. இந்த மாசியில் நானே வைக்கிறேன். நெத்திலி, கத்திரிக்காய், நீ போடுகிற அளவுக்குப் புளி. செல்வி தான் செய்வதாகச் சொல்கிறாள், விடமாட்டேன். பவுனுக்கு அதில் பங்கில்லை, உப்பு ஆகாது. அதற்கு அதன் கோழி. இனி இந்த வீட்டில் கேட்டவருக்கு இல்லை என்ற பேச்சில்லை, வாயில்லாமல் கேட்டாலும்.

இலையில் குழம்பு ஊற்றிவிட்டு, சட்டியையும் பக்கத்திலேயே வைக்கிறேன். கழுவமாட்டேன், அஞ்சலை. வழித்துக்கொள்.

இதன் கீழே உருட்டியிருக்கும் பெருவிரல் ரேகை
உன் வூட்டுக்காரன் முனுசாமியுடையது.