யாரு மக?

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? இங்கே ஃபிரெஸ்னோவில் அப்பாவும் நானும் நலம்தான்.

நேற்று குளிக்கச் சொன்னதும் அப்பா கத்தரிக்கோலோடு குளியலறையில் தாழிட்டுக்கொண்டார். கெஞ்சியும் திறக்கவில்லை. பயப்படாதீர்கள், கீறல்கூட இல்லை. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு ஸ்பானிஷில் வகுப்பெடுக்கும் ரெஃபூஹியோ அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா அப்பான்னா அவருக்குப் புரியாதுடீ. ஊர்ப் பெரியவரைக் கூப்பிடுற மாதிரி பேருக்கு முன்னால 'தோன்' போட்டு மரியாதையாக் கூப்பிடு" என்றார்.

"தோன் எவரிஸ்தோ, தண்ணி சூடா இருக்கு, வர்றீங்களா?" என்றேன்.

கதவு திறந்தது. கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க யாரு மக, அம்மணி?" என்றார்.

மிளகாய் வற்றல் அனுப்புங்கள். போனில் உங்கள் குரலையும் பதிந்து அனுப்புங்கள். "அவ நம்ம ஒடிலியா" என்று நீங்கள் சொன்னால் நம்புவார்.

உள்ளே "அம்மணி, அம்மணி" என்று கூப்பிடுகிறார். என்னைத்தான். போகிறேன்.

ஒடிலியா