கருப்பட்டிக்கு வீடு கிடைத்துவிட்டது, மதினி

என் உயிரான மதினி,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் கருப்பட்டி இப்போது காப்பகத்தில் இல்லை. தாராவியில் ஒரு வீட்டில், ஃபேனுக்கு நேர் கீழே தூங்குகிறாள்!

நீங்கள் கண்ணை மூடியபிறகு செம்பூர் பூனைக் காப்பகத்தில் உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையை நான்தான் பார்க்கிறேன். வருகிறவர்கள் இன்னும் அப்படியேதான். வெள்ளை இருக்கிறதா, செவலை இருக்கிறதா என்று கேட்பார்கள். கருப்பட்டி கம்பி வழியாகக் கையை நீட்டிக் கூப்பிட்டாலும், "ஐயோ, கருப்பா? வீட்டுக்கு ஆகாது" என்று நகர்ந்துவிடுவார்கள். ஒரு குடும்பம் கொண்டுபோய், ஸ்கூட்டர் பஞ்சரானதும் திருப்பிக் கொண்டுவந்து விட்டதே, அன்றைக்கு நீங்கள் சாப்பிடவே இல்லை. நினைவிருக்கிறதா?

போன மாதம் கதிரேசன் அண்ணாச்சி வந்தார். தாராவியில் டெம்போ ஓட்டுகிறவர். கருப்புப் பூனை குறுக்கே போனால் வண்டியை ஓரங்கட்டி, வேறு யாராவது முன்னால் போகட்டும் என்று காத்திருக்கிற ஆள். காலேஜ் படிக்கும் மகள் மாலதி வெள்ளைக் குட்டி வேண்டும் என்று இழுத்து வந்திருந்தாள்.

அவள் குட்டிகளைப் பார்க்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கூண்டைக் கழுவுவதற்காகக் கருப்பட்டியை வெளியே விட்டிருந்தேன். நேரே போய் அவர் மடியில் ஏறிச் சுருண்டுவிட்டாள். மனிதர் அசையவில்லை.

"யம்மா, இத எடுங்க."

நான் குனிவதற்குள் அவள் தூங்கியே போனாள். அவர் கையைக் காட்டி என்னைத் தடுத்தார். "இருக்கட்டும். உறங்குதுல்லா, பாவம்."

மாலதி வெள்ளைக் குட்டியோடு வந்து நின்றாள். "அப்பா, போலாமா?"

"இத விட்டுட்டு எப்படி எந்திக்க?"

"அது கருப்புப்பா!"

"குறுக்க போனாத்தான சகுனம்? இது எங்கூடல்லா வருது."

மாலதி சிரித்துக்கொண்டே வெள்ளைக் குட்டியைக் கூண்டில் விட்டாள். எனக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. உங்களுக்கும் கேட்டிருக்குமோ?

ஆனாலும் பயம் விடவில்லை. மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டால்? அடுத்த வாரம் அண்ணாச்சியின் போன் வந்தபோது எடுக்கவே கை வரவில்லை.

"எங்க சந்துல ஒரே சத்தம்மா. காலைல இவ வாசல்ல நின்னா ஒருத்தரும் டூட்டிக்குக் கெளம்ப மாட்டேங்காங்க."

அவளைக் கூட்டிவர நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"அதனால நான் மொத ஆளா நடந்து போறேன். வாறது எனக்கு வரட்டும், நீங்க பின்னால வாங்கன்னுட்டேன். இப்ப நான் கெளம்புற வரைக்கும் எல்லாரும் காத்துக் கெடக்காங்க!"

"அப்போ திருப்பிக் கொண்டுவரலையா அண்ணாச்சி?"

"எத? எங்க வீட்டுப் பிள்ளையவா? நெத்திலி குடுக்கலாமான்னு கேக்கத்தாம்மா போன் போட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் ஜிலேபி கொடுத்துவிட்டார். நீங்கள் போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மழைக்கு ஒதுங்கிய இரண்டு கருப்புக் குட்டிகள் காப்பகத்துக்கு வந்திருக்கின்றன, மதினி. அதுகளும் யார் மடியிலாவது போய் ஏறும்வரை நான் விடமாட்டேன். சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
நாத்தனார் செண்பகம்