மறுத்ததும் குடித்ததும்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உங்களுக்கும் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் சமாதானம் உண்டாகட்டும். என்னிடம் சமாதானம் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால் தாராளமாக அனுப்பியிருப்பேன். இப்போதைக்கு இருப்பதில்தான் பங்கு வைக்கிறேன்.

போனில் பேசாமல் ஏன் மின்னஞ்சல் என்று நினைப்பீர்கள். வீட்டில் இருந்து பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் அண்ணனுக்குக் கேட்கும். இன்னொன்றும் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பாதி சொல்லும்போதே “ஜெபம் பண்ணலாமா அண்ணி?” என்பீர்கள். நானும் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணைத் திறக்கும்போது போன் வைத்தாகியிருக்கும். அதனால் மதிய இடைவேளையில், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றிலும் தண்ணீர்ப் பாட்டில்கள். எதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை. என் தலைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

டாக்டர் இனிமேல் சிகிச்சை என்று எதுவும் சொல்லவில்லை. புற்று முதுகெலும்பில் பரவிவிட்டது, வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கறுப்புப் பாட்டிலில் மருந்து கொடுத்தார். அதை வேளாவேளைக்குக் குடித்துக்கொண்டிருந்தவரை அண்ணன் தேவலைதான். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து எங்களைக் கிண்டல் செய்வார். படுத்த இடத்திலிருந்தே எங்கள் கட்டடத்து லிஃப்ட் சத்தத்தைக் கேட்டு, “ரெண்டாவது மாடில கதவு உரசுது, யாராவது பாத்தாங்களா?” என்பார். லிஃப்ட் மெக்கானிக்கின் காது இன்னும் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை.

அப்போதுதான் நீங்கள் இயேசுவின் சிலுவைப் பாடுகளைப் பற்றிச் சபையில் பிரசங்கித்துப் பதிவு செய்த செய்திகளை அனுப்பினீர்கள். போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கேட்டார். தம்பியின் குரல் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். மூன்றாவது செய்தியில், ஆணி அடிக்கும் முன் வலியை மழுங்கடிக்க இயேசுவுக்குக் கசப்பு கலந்த திராட்சரசம் கொடுத்தார்கள், அவர் ருசி பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னீர்கள். முழுக்கத் தேவனாக இருந்தவர் முழுக்க மனிதனாகவும் இருந்தார், வேதனையில் ஒரு துளியைக்கூட விட்டுவைக்கவில்லை, மயக்கத்தில் அல்ல, விழிப்பில் நம்மை மீட்டார் என்றீர்கள். நன்றாகத்தான் சொன்னீர்கள். எனக்கே கண் கலங்கியது.

அன்று சாயங்காலம் மருந்தை ஊற்றி நீட்டினேன். புறங்கையால் மெதுவாகத் தள்ளினார். “வேண்டாம். தம்பி சொன்னான்ல” என்றார். ஒரு வாரமாகிறது. பாட்டில் அப்படியே இருக்கிறது.

உங்கள் அண்ணன் கத்துகிறவர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். துண்டைக் கடித்துக்கொள்கிறார். விழிப்போடு இருக்க வேண்டும் என்றுதானே மருந்தை விட்டார்? அந்த விழிப்பில் நாங்கள் யாரும் இல்லை, தம்பி. வலி மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தால், பிடித்தது யார் என்றுகூடப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வரும் நர்ஸம்மா பருமனான ஆள், வாயும் அதற்கேற்ற மாதிரி. “அவரு கடவுளோட மகன், மூணாம் நாள் எழுந்துட்டாரு. நீங்க லிஃப்ட் மெக்கானிக். பேசாம மருந்தைக் குடிங்க சார்” என்று அதட்டினார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலித்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “கரண்டை நிறுத்திட்டு லிஃப்டைப் பாத்தா ஒண்ணும் தெரியாது சிஸ்டர். சில பழுது ஓடும்போதுதான் கேக்கும். எனக்கு இது எதுக்கு வந்துச்சுன்னு கேக்கணும். வீணாப் போகக் கூடாது.” நர்ஸம்மா பையை மூடினார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இனிப்பாக எதிலாவது கலந்து கொடுத்தால் தெரியாது, சில வீடுகளில் செய்கிறார்கள், நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்றார்.

உங்கள் அண்ணன் மகள் அந்த அறைக்குள் போவதையே குறைத்துக்கொண்டாள். கல்லூரியிலிருந்து வந்ததும் காதில் பாட்டை மாட்டிக்கொள்கிறாள். திட்டலாம் என்று போனால், “இயேசுவுக்கு மூணாம் நாள் இருக்குன்னு தெரியும்மா. அப்பாவுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டாள். நான் திட்ட வந்ததை விட்டுவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டேன். இயேசுவுக்குத் தெரிந்திருந்ததா தம்பி? அந்த நேரத்தில், அந்த வலியில், தெரிந்திருந்ததா? அப்படித் தெரிந்திருந்தால் அது எங்கள் வீட்டு வலி மாதிரியான வலிதானா?

நீங்கள் ஒருமுறை குடும்ப ஜெபத்தில் விளக்கியது நினைவிருக்கிறது. இயேசுவில் தேவத்தன்மை, மனிதத்தன்மை, இரண்டும் கலக்கவும் இல்லை, பிரியவும் இல்லை, ஆள் ஒருவரே என்றீர்கள். புரிந்த மாதிரி தலையாட்டினேன். நான் ரசாயனம் படித்தவள். கலக்காத இரண்டு என்றால் எண்ணெயும் தண்ணீரும் போல அடுக்கடுக்காகத்தான் எனக்குத் தோன்றும். அப்படி நினைத்தால் வலியெல்லாம் கீழ் அடுக்கில் நின்றுவிடுகிறது, மேல் அடுக்குக்குத் தெரிவதே இல்லை. சரி, கலந்துதான் போனது என்று நினைத்துப் பார்த்தால், தேவபலம் ஊற்ற ஊற்ற வலி நீர்த்துப் போய்விடுகிறது. எப்படி நினைத்தாலும் கடைசியில் என் வீட்டுக்காரர் அந்தக் கட்டிலில் தனியாகத்தான் கிடக்கிறார். இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. நம்பிக்கையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் கேட்கிறேன்.

நான்காவது செய்தியை அண்ணன் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் கவனம் நிற்பதில்லை. நான்தான் பஸ்ஸில் கேட்டேன். அதில் தாகமாயிருக்கிறேன் என்று இயேசு சொன்னதைச் சொன்னீர்கள், அவர் மெய்யான மனிதன் என்பதற்கு அது அடையாளம் என்றீர்கள், உடனே முடிந்தது என்ற வார்த்தைக்குப் போய்விட்டீர்கள். நடுவில் ஒன்று இருக்கிறதே? யாரோ ஒருவர் புளித்த திராட்சரசத்தில் பஞ்சைத் தோய்த்து நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிக் கேட்டேன், அந்த இடத்தில் நீங்கள் ஒரு மூச்சுகூட நிற்கவில்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போயே போய்விட்டது.

மறுத்த அதே வாய்தானே குடித்தது? மறுத்தது தேவன், குடித்தது மனிதன் என்று பங்கு பிரிக்க முடியாதே, நீங்கள்தானே அப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள். மறுத்ததைப் பற்றி ஒரு முழுச் செய்தி. குடித்ததைப் பற்றி அரை வரி. நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை. இரண்டாவது தடவை கொடுத்தது வலிக்கு அல்ல, தாகத்துக்குத்தான் என்பீர்கள். இருக்கலாம். ஆனாலும் அடுத்தவர் கையிலிருந்து ஆறுதல் வாங்கிக்கொண்டார், இல்லையா?

நேற்று பாலில் மருந்தைக் கலந்தேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டேன். ஆற்றும்போதுதான் இயேசுவுக்கு நீட்டிய அந்த முதல் கோப்பை ஞாபகம் வந்தது. கலந்து கொடுத்தார்கள், அவர் நாக்கில் பட்டதும் கண்டுபிடித்துவிட்டார். ருசி பார்த்துவிட்டு உங்கள் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தால் நான் என்ன செய்வேன்? பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே தாகம் என்றார். இரண்டு டம்ளர் எடுத்துப் போனேன். “இது வெறும் தண்ணி. இதுல மருந்து இருக்கு. இயேசுவும் கடைசில வாங்கிக் குடிச்சாரு” என்றேன். வெகுநேரம் பார்த்தார். அந்த வாரத்தில் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“தம்பி அதைச் சொல்லலையே” என்றார்.

அடுத்த செய்தியில் வருகிறது, அவசரமாகத் தாண்டிப் போய்விட்டார் என்றேன்.

“அப்ப அவனைக் கேளு” என்று சொல்லிவிட்டு வெறும் தண்ணீரை எடுத்துக்கொண்டார். பாதி மார்பில் சிந்தியது. துடைத்துவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். எனக்காக இல்லாததைச் சொல்லச் சொல்லவில்லை. மருந்தை மறுப்பதுதான் அண்ணனுக்குக் கொடுக்கப்பட்டது என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால் எனக்கு எழுதிவிடுங்கள், அந்தப் பாட்டிலை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுகிறேன். அப்படி இல்லை என்றால் குடித்ததைப் பற்றியும் ஒரு செய்தி பதிவு செய்து அனுப்புங்கள். சுருக்கமாக, மெதுவாக, அண்ணன் பெயர் சொல்லி. இந்த வலி எதற்கு என்று அவர் கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். போதகர் வாயிலிருந்து அதைக் கேட்டால் அவருக்குப் பாரம் குறையும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

ஒலிப்பதிவு போதும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அது போதுமா என்று தெரியவில்லை. டம்ளரை நான் நீட்டுவதற்கும் நீங்கள் நீட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வாசல் பக்கத்து அறையை உங்களுக்காகச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

உங்கள் நாவில் கர்த்தர் இருப்பாராக. அதே நாவில் அண்ணனுடைய தம்பியும் இருப்பானாக.

இப்படிக்கு,
மருந்து டம்ளரை இன்னும் கொட்டாமல் மூடி வைத்திருக்கும்
உங்கள் அண்ணி