ஷேஷி ராஜாவின் முத்திரை

லாயாங் லாயாங் ரப்பர் தோட்டம், 1921

அன்புள்ள செசிலி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஏழாம் மாதம், பாரம் தூக்காதே.

எனக்கு இன்னும் துரை பங்களாவில்தான் சமையல் வேலை. சண்டைக்காலத்தில் எகிப்தில் இருந்தவர் அவர். வண்டு வடிவத்தில் ஒரு கல் முத்திரையை நேற்று காட்டினார். அடியில் பெயர் வெட்டியிருந்தது.

"ஷேஷின்னு ஒரு ராஜா. அவன் கட்டின கோட்டை இல்லே, சமாதியும் கிடைக்கலே. இந்த மாதிரி முத்திரைங்கதான் அவன் இருந்ததுக்குச் சாட்சி" என்றார்.

 போன வாரம் பக்கத்துக் கூலி லயத்துக் காளியப்பன் காய்ச்சலில் போய்விட்டான். ரப்பர் மரங்களுக்கு நடுவே புதைத்தோம். ஒரே மழையில் இடம் தெரியாமல் போயிற்று. "எங்கே அண்ணே புதைச்சோம்?" என்று அவன் தம்பி கேட்டான். 

எனக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் மருந்து கொயினாவின் கசப்பில் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். எழுத்து கோணியிருந்தால் மேசை ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

ஞானஸ்நானத்தை நான் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றேனே, காத்திருக்க வேண்டாம். பிள்ளை பிறந்ததும் கோயிலுக்குத் தூக்கிப் போ. சாமியார் தகப்பன் பெயர் கேட்பார். நீ என் பெயரை வாயால் சொன்னதே இல்லை. அன்றைக்கு மட்டும் வெட்கப்படாமல் உரக்கச் சொல்.

உன் வீட்டுக்காரன்