இடது பக்க அடுப்பு

14 மே 1996

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் அடிமண்டி மட்டும் கிடக்கிறது, அதுவும் கொதிக்கிறது. இந்த ஊரில் மே மாதம் யாரும் வெந்நீர் போடுவதில்லை. குளிர்ந்த நீர் வேண்டுமென்றால்தான் முந்தின ராத்திரியே வாளியில் பிடித்து ஏ.சி.க்குக் கீழே வைக்கவேண்டும். மஸ்கட்டிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிக் கிடக்கிற ஊர். ஒரு பெட்ரோல் பங்க், கோல்ட் ஸ்டோர் என்று ஒரு மளிகைக்கடை, எங்கள் பள்ளிக்கூடம். மீதியெல்லாம் ஆடு.

சுகிர்தம் கழுவாத பாத்திரங்களை அடுக்கி வைத்துவிட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். "நாளைக்கு லாரி வரும், நீ கிடந்து சாடாத" என்கிறாள். அவள் பயாலஜி டீச்சர், எதையும் நம்புவாள். நான் கணக்கு.

17 மே

லாரி வந்தது. எல்லாவற்றையும் கழுவினோம், எங்களையும் சேர்த்து.

22 மே

புழுதிக்காற்று. ஜன்னல் இடுக்கிலும் கதவுக்கடியிலும் ஈரத்துண்டைத் திணித்தும் சோற்றில் மணல் நறநறக்கிறது. இன்றைக்கு மார்க்கெட் வேன் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் லேடி டீச்சர்களைக் கூட்டிப்போக ஒரு வேன், அதை விட்டால் அடுத்த புதன். தனியாகப் போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் யாரும் போவதில்லை.

வெளியே போகமுடியாததால் உள்ளே சண்டை. இந்த பிளாட்டில் இரண்டு அறை, ஒரு அடுக்களை. ஃபிரிட்ஜில் மேல் தட்டுகள் அவளுக்கு, கீழ்த் தட்டுகள் எனக்கு. அடுப்பில் இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவளுக்கு. அவள் மாட்டிறைச்சி வைப்பாள், நான் தின்னமாட்டேன், அதனால் வந்த ஏற்பாடு. ஆறு வருஷமாக அதில் ஒரு சச்சரவும் இல்லை. சச்சரவு எல்லாம் சீனியில்தான். நாலு வருஷமாக அவளுக்கு சுகர். அதனால் சாயா ஒரே பாத்திரத்தில், சீனி இல்லாமல். வேண்டுமென்றால் நான் மேலே போட்டுக்கொள்ளலாம். இப்போது நானும் போடுவதில்லை, பழகிவிட்டது.

அவளோ அரிசி மூட்டைக்குப் பின்னால் கண்டென்ஸ்டு மில்க் டின்னை ஒளித்து வைத்துக்கொண்டு, நின்றபடி ஸ்பூனை நக்குகிறாள். பார்த்ததும் பிடுங்கினேன். "ஒரு ஸ்பூன் தின்னா உனக்க சொத்தா அழியுது?" என்றாள். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பளை!

31 மே

வெள்ளிக்கிழமை. டெலிபோன் பூத்தில் வரிசை. சுகிர்தம் கார்டைப் போட்டு ஊரில் காரோட்டு வீட்டுக்குப் பேசினாள். மகள் லிஷா பத்தாம் கிளாஸ் போகிறாள். இவள் பக்கத்திலிருந்து பத்துக் கேள்வி போனால் அந்தப் பக்கத்திலிருந்து "ம்" வருகிறது. பேசி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "லைன் கொள்ளாது இண்ணைக்கு, ஒரே இரைச்சல்" என்றாள்.

நான் யாருக்கும் பேசவில்லை. அண்ணனுக்குப் போன வாரம் பேசியாயிற்று.

8 ஜூன்

ஆபீஸிலிருந்து சர்க்குலர். லீவுக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதை ஜூலை முடிவதற்குள் ஃபேக்ஸில் உறுதிசெய்ய வேண்டும். ஒரு பிளாட்டில் இரண்டு பேரும் வந்தால் பிளாட் நீடிக்கும். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் லேடீஸ் குவார்ட்டர்ஸுக்குப் போகவேண்டும். அறைக்கு மூன்று பேர், மெஸ் சாப்பாடு, அறையில் சமைக்கக்கூடாது.

சுகிர்தத்திடம் நீட்டினேன். "வராம நான் எங்க போவ?" என்றாள். அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

20 ஜூன்

விமானத்தில் எழுதுகிறேன். சுகிர்தம் வழக்கமாக ஏறியதும் உறங்கிவிடுவாள், இன்று உறங்கவில்லை. திருவனந்தபுரம் நெருங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சுகர் காரியம் எங்க வீட்டில தெரியாது கேட்டியா. தெரிஞ்சா அவிய என்னை விடமாட்டாவ. வாயைத் திறந்திராத." அவிய என்றால் வேதமணி, அவள் வீட்டுக்காரர். பாறசாலையில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார்.

நான் எதற்குத் திறக்கப்போகிறேன்?

23 ஜூன், பனச்சமூடு

மழை. என் அறை இப்போது அண்ணன் மகன் அகிலேஷின் அறை. எனக்கு ரப்பர் ஷீட் அடுக்கியிருக்கிற அறையில் கட்டில். தலையணை வரைக்கும் ரப்பர் நாற்றம்.

காலையில் அடுக்களைக்குப் போனால் அண்ணன் மனைவி ஷியாமளா மைனி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். "நீ போய் இரி விலாசினி. லீவுக்கு வந்தவ கரியில கிடந்து எதுக்கு கஷ்டப்பட?" சாயா வருகிறது, பாயசம் மாதிரி. எனக்கு நானே ஒரு கிளாஸ் போட்டுக்கொள்கிறேன் என்றேன். முகம் ஒரு மாதிரியாயிற்று. "எனக்க சாயா கொள்ளாதா?"

குடித்தேன். பல் கூசியது.

30 ஜூன்

சதாசிவன் அண்ணன் சாப்பிடும்போது சொன்னது: "இனி என்னத்துக்கு அங்க போற? இங்க நாலு பிள்ளியளுக்கு டியூஷன் எடுத்தா போராதா? இது உனக்க வீடாக்கும்."

என் வீடு. அதில் ஒரு முட்டை பொரிக்க நான் மனுக் கொடுக்கவேண்டும். அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னான், அதனால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கல்யாணம் ஆகாத தங்கச்சிக்கு எங்கே போனாலும் நல்ல நாற்காலி கிடைக்கும். அடுப்பு கிடைக்காது.

13 ஜூலை

பாறசாலையில் துணிக்கடை வாசலில் சுகிர்தத்தைப் பார்த்தேன். வலது கால் பெருவிரலில் துணிக்கட்டு. மெலிந்துவிட்டாள்.

"கல்லு இடிச்சது" என்றாள்.

"எப்போ?"

"வந்த வாரம்."

வந்த வாரம்! இன்னும் ஆறவில்லையா? மாத்திரை தின்கிறாயா என்று கேட்டேன். கொண்டுவந்தது தீர்ந்துவிட்டதாம். ஊர் மெடிக்கல் ஸ்டோர்க்காரன் வேதமணிக்குக் கூட்டுக்காரன், அங்கே வாங்கினால் மாத்திரைக்கு முன்னால் சேதி வீட்டுக்குப் போய்விடும். நெய்யாற்றின்கரையில் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். "அடுத்த ஞாயிறாழ்ச்ச கொண்டு வா. அவியட்ட ஒரு மாதிரி சம்மதம் வாங்கிட்டேன். இன்னும் ஒரு வருசம் போகலாமுண்ணு சொல்லியாச்சு. திங்கள் ஃபேக்ஸ் விடணும்."

டாக்டரிடம் போ என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே. "எனக்குப் போணும் விலாசினி. அங்க நான் கதவைச் சாத்தினா சாத்தினதாக்கும். இங்க சாத்தினா பத்துப் பேரு வந்து தட்டுவினும்" என்றாள்.

அது சரி. எனக்கும்தான்.

21 ஜூலை

எழுதித்தான் ஆகவேண்டும்.

காரோட்டில் அவள் வீடு. முன்னறையில் சோபா, நல்ல கப். ஆறு வருஷம் ஒரே அடுக்களையில் இடித்துக்கொண்டு நின்றவர்கள், ஆளுக்கொரு சோபாவில் எதிரெதிரே இருந்து மழையைப் பற்றிப் பேசினோம். வேதமணி கடையை அடைத்துவிட்டு வந்து கூட இருந்தார். மரியாதையான மனுஷன். "டீச்சர் கூட உண்டு எண்ணுள்ள தைரியத்திலதான் விடுகேன்" என்றார். மாத்திரை என் பையில் இருந்தது. கொடுக்க ஒரு தனி நிமிஷம் கிடைக்கவில்லை. அடுக்களைக்குப் போகலாமென்று எழுந்தேன். "ஐயோ, டீச்சர் இரிக்கணும்" என்று எல்லோரும் சேர்ந்து இருத்திவிட்டார்கள்.

லிஷா சாயாவும் வெல்லப்பாகில் செய்த முந்திரிக்கொத்தும் கொண்டுவந்தாள். சுகிர்தம் கப்பை எடுத்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். கட்டு நனைந்திருந்தது, லேசாக வாடை. அவள் ஒரு முந்திரிக்கொத்தைத் தின்று முடித்து இரண்டாவதை எடுத்தாள்.

அவ்வளவுதான். என் கை என்னைக் கேட்கவில்லை. போய் அவள் கையில் இருந்த கப்பைப் பிடுங்கியது. "போரும்டி! மாத்திரையும் இல்ல, அதுக்கு மேல சீனியுமா? காலு அழுகிப் போவும்!"

அங்கே தினமும் நடக்கிற காரியம். இங்கே கப்போடு நடு ஹாலில் நிற்கிறேன்.

"என்ன மாத்திரை?" என்றார் வேதமணி.

பையிலிருந்த சுகர் மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தேன். லிஷாதான் கேட்டாள், "எத்தனை வருசமா?"

சுகிர்தம் கட்டுப்போட்ட காலை சோபாவுக்கடியில் இழுத்துக்கொண்டாள். நான் சொன்னேன், நாலு. கணக்கு டீச்சர், எண்ணைக் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

லிஷா தன் அம்மாவைப் பார்த்தாள். "இந்த டீச்சருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சுகிர்தம் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "உனக்க சாயா ஆறுது. குடி."

வேதமணி கேட் வரைக்கும் குடை பிடித்து வந்தார். கண் கலங்கியிருந்தது. "பெரிய உபகாரம் டீச்சர். இனி அவளை எங்கயும் விடமாட்டேன்."

22 ஜூலை

சுகிர்தத்தின் ஃபேக்ஸ் போகவில்லை.

28 ஜூலை

வேதமணி போன் செய்தார். நெய்யாற்றின்கரை டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்துவிட்டாராம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுக்கவேண்டியிருக்கும் என்றாராம். சுகிர்தத்திடம் கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவ உறங்குகா" என்றார். பகல் பதினோரு மணிக்கு.

ரப்பர் ஷீட் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு என்னை நானே ஏசினேன். — எதுக்கு அழுத? அவளுக்க விரலு நின்னுதுல்லா, சந்தோசப்பட வேண்டியதுதானே? பிளாட்டு போச்சுண்ணுதானே அழுத? வெக்கங்கெட்டவளே. —

இரண்டுக்கும்தான். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கே தெரியவில்லை. மைனி கதவைத் தட்டி சாயா தந்தாள்.

30 ஜூலை

என் ஃபேக்ஸை விட்டேன். போகவேண்டாம் என்று அண்ணன் இன்னொரு தடவை சொன்னான். மைனி என் பெட்டியைத் தூசி தட்டி வைத்தாள்.

18 ஆகஸ்ட்

பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் லிஷா நிற்பதாக அகிலேஷ் வந்து சொன்னான். தனியாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பிளாட்டின் இரண்டாவது சாவியை நீட்டினாள். "அம்மா தரச் சொல்லிச்சு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினாள். பஸ் வந்தது, ஏறவில்லை. பிறகு கேட்டாள். "டீச்சர், அம்மைக்கு சில ராத்திரி வேர்த்து கையெல்லாம் கிடுகிடுண்ணு விறைக்குது. அப்போ என்ன குடுக்கணும்?"

சொன்னேன். அந்த நேரத்தில் மட்டும் சீனி கொடுக்கவேண்டும், உடனே. கோபம் வந்து கத்துவாள், அதைப் பொருட்படுத்தக்கூடாது. எங்கெல்லாம் டின் ஒளித்து வைப்பாள் என்பதையும் சொன்னேன். பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள். அரிசி மூட்டை என்றதும் சிரித்துவிட்டாள். தாயின் அதே சிரிப்பு. அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

29 ஆகஸ்ட்

திரும்பி வந்தாயிற்று. இரண்டு சாவியையும் ஆபீஸில் ஒப்படைத்தேன். அதற்கு முன்னால் அவள் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்தேன். குக்கர், மாட்டிறைச்சிச் சட்டி, பாட்டுப் புத்தகம், இரண்டு நைட்டி. ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடவேண்டும். அரிசி மூட்டைக்குப் பின்னால் பிரிக்காத டின் ஒன்று இருந்தது. கெட்டிக்காரி.

குவார்ட்டர்ஸில் என் கூட இரண்டு சின்னப் பெண்கள். நல்லவர்கள், "டீச்சர் டீச்சர்" என்று எழுந்து நிற்கிறார்கள். என் கட்டில் ஜன்னலோரம். மெஸ்ஸில் சமைக்கிறவர் பொன்னப்பன் அண்ணன், அம்பூரிக்காரர். சாயா ஒரு பெரிய பாத்திரத்தில், பால், தூள், சீனி எல்லாம் சேர்த்துக் காய்ச்சியே வருகிறது. மைனியின் சாயாவுக்கு இது அண்ணன்.

6 செப்டம்பர்

வெள்ளிக்கிழமை. பூத் வரிசையில் நின்று காரோட்டுக்குப் போட்டேன். லிஷா எடுத்தாள், அம்மா உண்டு என்றாள். இந்தத் தடவை சுகிர்தம் வந்தாள்.

"கோவமா?" என்றேன்.

"கோவம் உண்டு" என்றாள். "காலும் உண்டு."

கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்போ எல்லாரும் எனக்க கையிலிருந்து கப்பைப் பிடுங்குவினும்டி. லிஷா சீனி டப்பாவைப் பூட்டி வச்சிருக்கா. பக்கத்து வீட்டில போனா அங்கயும் அவ சொல்லி வச்சிருக்கா. ஒரு உன்னைச் சகிச்சேன், இப்போ ஊரே நீயாயிட்டு." பிறகு, "பிளாட்டில ஆரு?"

புதிதாக வந்த இரண்டு பேர் என்றேன். "ஃபிரிட்ஜில எனக்க தட்டில என்ன வச்சிருக்கினும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கார்டு தீர்ந்தது.

11 செப்டம்பர்

பொன்னப்பன் அண்ணனிடம் கேட்டே விட்டேன். எனக்கு மட்டும் சீனி போடாமல் ஒரு கிளாஸ்.

"இருவது பேருக்கு சாயா போடுகேன் டீச்சர். ஒவ்வொருத்தருக்கும் தனியா போட ஒக்குமா?" என்று கரண்டியை ஆட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "டீச்சருக்கு சுகர் உண்டோ?"

எனக்கு இதுவரை ஒழுங்காக ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை.

"உண்டு" என்றேன்.

"அய்யோ. எத்தனை வருசமா?"

"நாலு."

"அதை முதல்லயே சொல்லப்பிடாதா? காலத்த அஞ்சரைக்கு வாங்க. ஒரு அடுப்பு ஒழிச்சுத் தாறேன், நீங்களே போட்டுக்கிடுங்க." கையைக் காட்டினார். இடது பக்கத்து அடுப்பு.

இன்று புதன். சாயங்காலம் மார்க்கெட் வேன் உண்டு. சாயாத்தூள் வாங்கவேண்டும், ஒரு சின்னப் பாத்திரமும்.