களத்தில் பழகிய எட்டு

8-8-1983, திங்கள்
சாமைக் கொல்லையில் களை இன்னும் பாதி கிடக்கிறது. என் பேரன் தீர்த்தகிரி இன்றும் திருப்பத்தூர் போய்விட்டான். மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கு இது மூன்றாவது நடை. முதல் நடை ஜூலை 18. வயசுக்குச் சீட்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இவன் பிறந்த நாள், அன்றைக்கு எந்தக் கொல்லையில் யார் ஏர் ஓட்டினார்கள், எல்லாம் நான் சொல்வேன். நான் சொன்னால் செல்லாதாம். டாக்டர் பல்லைப் பார்த்து எழுதினால்தான் செல்லுமாம். மாடு வாங்குகிறார்களா? இரண்டாவது நடையில் டாக்டர் ஊரில் இல்லை.

12-8-1983
ஒரு காகிதத்தோடு வந்தான்.
"இதான் லைசென்சா?"
"இல்ல ஆயா. இது எல்.எல்.ஆர். பழகுறதுக்கு மட்டும்தான். ஒரு மாசம் கழிச்சு டெஸ்ட்டு."
"கன்னுக்குட்டி பொறந்த அன்னிக்கே எழுந்து நடக்குது. உனக்கு ஒரு மாசமா?"

மாதா கோயில் ஆஸ்பத்திரிச் சாமியார் அமலநாதன் மலை ஊர்களுக்கு மருந்து கொண்டுபோக ஆள் தேடுகிறார். வண்டி அவருடையது. தை பிறக்கும்வரை பார்ப்பேன், அதற்குள் லைசென்சு வராவிட்டால் படவேட்டு ஆளை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். வேலை கிடைக்காவிட்டால் இவன் குடகுக்குக் காப்பி பறிக்கப் போய்விடுவான். இவன் அப்பன், என் மகன், அவனும் அங்கேதான் போனான். பதினாலு வருஷம் ஆச்சு, ஒரு கடுதாசி இல்லை. தாயில்லாத பிள்ளையை நான் வளர்த்தேன். இவனும் போய்விட்டால்?

21-8-1983, ஞாயிறு
சாமியார் பழக வண்டி கொடுத்தார். டெஸ்ட்டில் காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு மாதிரி வளைத்து ஓட்ட வேண்டுமாம். எங்கள் ஊரில் சமதரை என்றால் என் களம் ஒன்றுதான். முதல் சுற்றிலேயே இடப்பக்கம் வளைத்தான். ஓடிப்போய் முன்னால் நின்றேன்.
"டேய்! தானியம் அடிக்கிற களத்துல எடமா சுத்துறியா? அது சாவுக்குச் சுத்துறதுடா."
"எட்டுன்னா ரெண்டு பக்கமும் திரும்பணும் ஆயா."
"வலமாவே ரெண்டு தரம் சுத்து. எட்டு ஆயிடும்."
சிரித்தான். ஆனால் சொன்னபடி கேட்டான். மாடு பிணைத்து ஓட்டுகிறபோதும் வலமாகத்தானே ஓட்டுகிறோம்?

4-9-1983
வலமாகவே சுற்றுகிறான். தண்ணீர் ஓடுகிற மாதிரி போகிறது வண்டி.

20-9-1983
பெயில். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் இடப்பக்கம் திரும்பும்போது கால் ஊன்றிவிட்டான். அடுத்த மாதம் வா என்றாராம். என் முகத்தைப் பார்க்காமல் களியைத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

18-10-1983
மறுபடியும் பெயில். மறுபடியும் இடப்பக்கம். குடகுக்கு எந்த பஸ் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தான். என் காதில் விழ வேண்டும் என்றே கேட்டானோ?

2-11-1983
"ரோட்டோரமா ஒரு மைதானம் கெடச்சுது ஆயா. இனிமே அங்கதான் பழகுறேன்" என்றான். நல்லது. தினமும் தூக்கில் களி கட்டிக் கொடுக்கிறேன்.

22-11-1983
பாஸ்! கோயிலில் தேங்காய் உடைத்தேன். லைசென்சு புத்தகம் கைக்கு வர இன்னும் பதினைந்து நாள் ஆகுமாம். ஆகட்டும்.

25-11-1983
புதூர்நாட்டுக்கு உப்பு வாங்கப் போனேன். ஜீப் ஓட்டுகிற சக்கரவர்த்தி கூப்பிட்டான்.
"இன்னா ஆயா, உன் பேரன் பாஸாமே! ஜெயம்மா களத்துல தெனம் எட்டுப் போட்டான் இல்ல, பின்ன பாஸாவாம இன்னா?"

ஜெயம்மா களமா? அதுதான் மைதானமா?

ஜெயம்மாள் என் தம்பி கண்ணாயிரத்தின் பொண்டாட்டி. 1964-இல் தம்பி செத்த பதினாறாம் நாள், கூடப் பிறந்த எனக்குப் பந்தியில் கடைசி இலை போட்டாள். அதிலும் உப்பு வைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. இவனுக்குத் தெரியாதா? தாலாட்டுக்குப் பதில் இதைச் சொல்லித்தானே வளத்தேன்! நான் கட்டிக் குடுத்த களிய அவ வூட்டுல குந்தித் தின்னுருக்கான். இருபத்தொரு வருசம் வளத்தவகிட்ட ஒரு வார்த்த — ஒரு வார்த்த சொல்லல.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.
"களத்துல எடமா சுத்த அவ எப்படிடா வுட்டா?"
"சுத்திக்கோ, பொழுதோட சாணி தெளிச்சுட்டா தீட்டுப் போச்சுன்னாங்க."

ஒரு குடம் சாணித்தண்ணி. அவ்வளவுதானா? எனக்கு ஏன் தோணல?

26-11-1983
பேசவில்லை.

3-12-1983
இன்னும் பேசவில்லை. அவன் உலையை அவனே வைக்கிறான்.

9-12-1983
லைசென்சு புத்தகம் வந்துவிட்டது. முதல் நடையிலிருந்து நூற்று நாற்பத்து நாலு நாள். வேலையும் உறுதி என்று சாமியார் சொல்லிவிட்டாராம். இனிக் குடகு இல்லை என்று மனசு கொஞ்சம் இளகி, நானே வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.
"தெனம் சாணி தெளிச்சது யாருடா? அந்தக் கெழவியா?"
"இல்ல ஆயா. முத்தம்மா."
முத்தம்மாள் ஜெயம்மாளின் மகன் பெற்ற பெண். இவனுக்கு முறைப் பெண்தான். எனக்குத்தான் அந்த வீட்டோடு முறை அறுந்து கிடக்கிறது.
"தை மாசம் நீ வந்து பொண்ணு கேளு. கேக்கலன்னா அவள இட்டுக்குனு குடகுக்குப் போயிடுவேன்."
நான் எதுக்குப் பயந்தேனோ அதையே எடுத்து என் மேல வீசுறான். யார் குடுத்த தைரியம் இது? அவள் களத்தில் கற்றது எட்டு மட்டும் இல்லை.

1-1-1984
இடிக்கிற சாமைகூடக் கசக்கிறது. இவன் பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு வண்டி துடைக்கிறான்.

19-1-1984, வியாழன்
திங்களிலிருந்து மருந்துப் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். இரவு வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

நாளை வெள்ளி. பெண் கேட்க வீட்டுப் பெரியவள்தான் போக வேண்டும். இவனுக்கு வேறு பெரியவள் யார் இருக்கிறாள்? வெற்றிலை, பாக்கு, புடவை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.
"வண்டில பின்னால குந்திக்க ஆயா. கால் மணி நேரத்துல கொண்டும்போய் வுட்டுடுறேன்."
"நான் நடந்து வர்றேன். நீ முன்னாடி போயி நான் வர்றேன்னு சொல்லு."
மூன்று மேடு ஏறி இறங்கி நான் போய்ச் சேர மத்தியானம் ஆகும். ஆகட்டும். அதுவரைக்கும் ஜெயம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.