மேரி எடுத்த படம்

திங்கள், இரவு.

ஞாயிறு மதியம் காக்களூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் மூடியிருக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் புது நர்சுகளுக்கு நரம்பு தேடி ஊசி குத்தப் பழக்குவேன். சூப்பர்வைசர் ஆனபிறகு நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இன்று மேனேஜர் கூப்பிட்டார். "வேலையே இல்லாம கிளாஸ் எடுத்துக்கினு இருக்கீங்களாமே சிஸ்டர்? அப்ப ஞாயித்துக்கெழம இன்னாத்துக்கு மூணு பேரு? ஒருத்தர் போதும்" என்று போனை நீட்டினார். எங்கள் வகுப்புப் படம். எல்லோரும் இருந்தோம், நர்ஸ் மேரி மட்டும் இல்லை. எடுத்தவள் அவள்தானே.

அவளையே போய்க் கேட்டேன். "சார் கேட்டாரு, அனுப்பினேன்க்கா. இனிமே ஞாயித்துக்கெழம லீவு தர்றேன்னாரு. ஊட்ல கொழந்தய பாத்துக்க ஆளில்ல" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே.

அடுத்த ஞாயிறு ஒரு புதுப் பெண் தனியாக முழு வார்டையும் பார்க்க வேண்டும். திடீரென்று யாருக்காவது மூச்சு முட்டினால்...

தூக்கம் வரவில்லை. மேரி ஊசி குத்தப் பழகியது என் இடது கையில்தான். முதல் நாள் தப்புத் தப்பாகக் குத்திவிட்டு அழுதாள். "வலிக்கலடி, இன்னொரு தபா குத்து" என்று கையை நீட்டியது நான்தான்.